நான் உட்காரும் வட்டம்

ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் என்னோடு படித்தவர்களே, நம் பழைய லீடர் போன ஞாயிற்றுக்கிழமை குழுவில் போட்ட படத்துக்கு நீங்கள் அனுப்பிய கைதட்டல் எல்லாம் வந்து சேர்ந்தது. ஒருவன் மூன்று கிரீடம் போட்டிருந்தான். ஒருத்தி, ‘அப்பவே நீ ஜீனியஸ் டீ’ என்று எழுதியிருந்தாள். இன்னொருவன் ‘அதெல்லாம் ஒரு காலம்’ என்று பெருமூச்சு விட்டிருந்தான். பதினெட்டு வயதில் நமக்கும் பெருமூச்சு விட ஒரு காலம் வாய்த்துவிட்டது. கிழடு தட்டிவிட்டது, ஒத்துக்கொள்வோம்.

நான் மட்டும் பதில் போடவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை எழுதினேன், அழித்தேன். கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டேன், அதையும் எடுத்துவிட்டேன். ஐந்து நாளாக இதுதான் வேலை. குறுஞ்செய்தியில் அடங்காது என்று தெரிந்ததால் நீளமாக எழுதுகிறேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பத்தியை மட்டுமாவது படியுங்கள்.

அந்த வருடம் உங்களுக்கு எப்படி நினைவிருக்கிறதோ, எனக்கு முதலில் ஞாபகம் வருவது மீன்காரரின் ஹாரன். தினமும் பத்தரை மணிக்கு, சரியாகக் கணக்கு வகுப்பின் நடுவில், யாராவது ஒருவர் வீட்டு மைக்கில் பாம் பாம் என்று கேட்கும். ‘யாரு வீட்டுல மைக் ஆன்ல இருக்கு? மியூட்டுல போடுங்க’ என்று டீச்சர் கத்துவார். ஒருநாள் கத்திவிட்டு, ‘ஆமா, என்ன மீனு?’ என்றும் கேட்டார். ‘சாளை டீச்சர்’ என்று பின்னால் இருந்து ஒரு அம்மாவின் குரல் வந்தது. அன்று வகுப்பு முடியும்வரை சிரித்தோம்.

எங்கள் வீடு பூதப்பாண்டிக்குக் கொஞ்சம் தள்ளி, வயலை ஒட்டி இருப்பது பலருக்குத் தெரியும். ஆடி மாதக் காற்று ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து அடித்தால் ஓட்டுக்கடியில் நின்றுகூடப் பேச முடியாது. சிக்னல் கிடைக்கும் இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், முன்னறை ஜன்னல். அப்பா வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன போனை ஜன்னல் படியில் வைத்து, சாய்ந்து விழாமல் இருக்க அம்மா ஒரு புட்டுக்குழாயை முட்டுக் கொடுத்திருந்தாள். அதனால் ஆறேழு மாதம் நாங்கள் புட்டு தின்னவில்லை. தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அவனுக்கும் அதே போனில் ஒன்பது மணிக்குப் பாட்டு வகுப்பு நடக்கும். அவன் டீச்சரைப் பார்த்து ஆடி முடித்த பிறகு போன் என் கைக்கு வரும்போது திரையெல்லாம் வாழைப்பழமாக இருக்கும்.

வகுப்பின் நடுவில் அப்பாவும் கூப்பிடுவார். அவருக்கு அங்கே வேலை நின்று போயிருந்தது. ஒரே அறையில் எட்டு பேர், வெளியே போகக்கூடாது, ஊருக்கு வரவும் விமானம் இல்லை. எங்களைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு நாளில் வேறு காரியம் இல்லை. அவர் கூப்பிட்டால் டீச்சர் மறைந்து அப்பா முகம் வரும். ‘அப்பா, கிளாஸு’ என்று எரிச்சலாகச் சொல்லி அழைப்பை வெட்டுவேன். இதற்கும் வெட்கப்படுகிறேன், ஆனால் நான் சொல்ல வந்த வெட்கம் இதைவிடப் பெரியது.

அவளை உங்களுக்குத் தெரியும். வருகைப் பட்டியலில் நான் இருபத்தொன்று, அவள் இருபத்திரண்டு. பெயரை எழுதவில்லை, அதற்கு அவளிடம் நான் அனுமதி வாங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. அவளுக்கு அம்மா மட்டும்தான். வயல்வேலை. அவர்கள் வீட்டில் இருந்தது பழைய பட்டன் போன், அதில் பேசலாம், வேறொன்றும் முடியாது.

ஆன்லைன் வகுப்பு தொடங்கிய இரண்டாம் நாள், அவளுடைய அம்மா கையில் அரிவாளோடு எங்கள் முற்றத்தில் வந்து நின்றாள்.

‘அக்கா, பிள்ள ஒரு ஓரமா நின்னு கேட்டுக்கிடட்டும். ஒங்க பிள்ளைக்க படிப்புக்கு ஒரு எடஞ்சலும் பண்ணாது.’

‘நிக்கவெல்லாம் வேண்டாம்ட்டி. வராந்தால வந்து இருக்கட்டும்’ என்றாள் அம்மா. ‘காலம் கெட்டுக் கெடக்கு கேட்டியா, தூரமா இருக்கணும். அம்புட்டுதான்.’

அன்று சாயங்காலமே அம்மா சுண்ணாம்பைக் கரைத்தாள். ரேஷன் கடை வாசலில் ஆட்கள் நிற்க வட்டம் போட்டிருந்தார்களே, அதைப் போல எங்கள் வராந்தாவிலும் ஒரு வட்டம் போட்டாள். நெல் அவிக்கிற அண்டாவின் மூடியைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிக் கோடு இழுத்தாள். ஜன்னலிலிருந்து நாலு அடி தள்ளி. அவள் அதற்குள் உட்கார வேண்டும். காலையில் எல்லோருக்கும் கபசுரக் குடிநீர் கொடுக்கும்போது அவளுக்கும் கொடுப்போம். அதற்கென்று ஒரு டம்ளர் இருந்தது, நெளிந்தது. குடித்துவிட்டு அவளே கழுவி வராந்தா விளிம்பில் கவிழ்த்து வைப்பாள்.

நோய்க்குப் பயந்துதான் இதெல்லாம் என்று அப்போது நம்பினேன். இப்போது யோசித்தால், நோய் வருவதற்கு முன்பும் அவள் எங்கள் வீட்டுக்குள் வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாக நடந்து பள்ளிக்கூடம் போனோம். அவள் எப்போதும் வாய்க்கால் பாலத்தில் நின்று என்னைக் கூப்பிடுவாள், நான் பையை எடுத்துக்கொண்டு ஓடுவேன். எங்கள் வீட்டில் சாதி என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாம் நடந்தது. அதே வருடம் அம்மாவின் தங்கை பிள்ளைகள் நாகர்கோவிலிலிருந்து வந்து பத்து நாள் எங்களோடு ஒரே பாயில் படுத்துக் கிடந்தார்கள். அவர்களுக்கு அம்மா வட்டம் எதுவும் போடவில்லை.

வகுப்பில் எங்கள் ஏற்பாடு இப்படி: எனக்குப் படம், அவளுக்குக் குரல். போன் என்னைப் பார்த்து இருக்கும், அவள் வெளியே இருந்து காதால் கேட்பாள். டீச்சர் போர்டில் கணக்கு எழுதினால் நான் போனை அவள் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும், அவள் எழுதிக்கொள்வாள். நான் நல்ல மனநிலையில் இருந்தால் அவள் ‘ஆச்சு’ என்று சொல்லும்வரை பிடிப்பேன். இல்லையென்றால் பத்து எண்ணிவிட்டுத் திருப்பிவிடுவேன். ‘ஏட்டி, ஒரு நிமிசம் காட்டுடி’ என்பாள். கேட்காததுபோல் இருப்பேன். அப்படியும் அவள் கணக்கு என்னுடையதைவிட ஒழுங்காக இருக்கும். படம் பார்த்த எனக்குப் புரியாதது, குரலை மட்டும் கேட்ட அவளுக்கு எப்படிப் புரிகிறது என்று எரிச்சல் வரும்.

வீட்டுப்பாடத்தைப் போட்டோ எடுத்து, கீழே பெயரும் எண்ணும் போட்டு, ஆறு மணிக்குள் டீச்சருக்கு அனுப்ப வேண்டும் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். அவள் நோட்டை அம்மா உள்ளே விடவில்லை. முதல் நாள் வாங்கி சானிடைசர் தெளித்ததில் மையெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். தினமும் நாலு மணிக்கு அவள் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பாள். நோட்டைத் திறந்து கம்பிகளோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பாள். நான் உள்ளே இருந்து போட்டோ எடுப்பேன். பக்கத்தின் குறுக்கே கம்பிகளின் நிழல் இரண்டு பட்டையாக விழும். அதைத் தவிர்க்க அவள் நோட்டை அப்படி இப்படிச் சாய்த்துப் பார்ப்பாள், நிழலும் கூடவே சாயும். கடைசியில், ‘சவம் கெடக்கட்டும், எடு’ என்பாள்.

இப்படி மூன்று மாதம் ஒழுங்காகப் போனது. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று இரண்டு படமும் தினமும் போனது. இவ்வளவோடு அந்த வருடம் நின்றிருந்தால் நானும் இன்று உங்களோடு சேர்ந்து பெருமூச்சு விட்டிருப்பேன்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த சமயம். கணக்கில் வட்டம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் இருக்கும் ஒரு வட்டத்தை அளந்து அதன் பரப்பளவைக் கண்டுபிடித்து வாருங்கள் என்றார் டீச்சர். நீங்களெல்லாம் சாப்பாட்டுத் தட்டையும் சம்படத்து மூடியையும் அளந்தீர்கள். நான் அதுவும் செய்யவில்லை. அன்று தம்பிக்குக் காய்ச்சல், அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு மருந்து வாங்கப் போயிருந்தாள். போன் கையில் இருந்தது, கேட்க ஆள் இல்லை. நாலு மணிவரை வீடியோ பார்த்தேன்.

நாலு மணிக்கு அவள் வந்தாள். நோட்டைக் கம்பியில் அழுத்தினாள். படித்தேன்.

‘நான் உட்காரும் வட்டம். விட்டம் 56 செ.மீ. ஆரம் 28 செ.மீ. பரப்பளவு 2464 ச.செ.மீ. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் என் முழங்கால்கள் இரண்டு பக்கமும் ஏழு செ.மீ. கோட்டுக்கு வெளியே போகின்றன. ஆகவே எனக்குத் தேவையான ஆரம் 35 செ.மீ. தேவையான பரப்பளவு 3850 ச.செ.மீ. குறைவது 1386 ச.செ.மீ.’

கீழே ஒரு வட்டமும் அதற்கு வெளியே இன்னொரு வட்டமும் வரைந்திருந்தாள். நடுவில் இருந்த இடத்தைப் பென்சிலால் கோடு கோடாக அடைத்திருந்தாள். எப்போது அளந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் மதியம் சாப்பிடப் போன நேரமாக இருக்கும்.

‘நல்லா இருக்கா?’ என்று கேட்டாள்.

‘கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு’ என்றேன்.

‘நீ என்னத்த அளந்த?’

‘தட்டு’ என்று பொய் சொன்னேன்.

அவள் போன பிறகு ஆறு மணி நெருங்கியது. அனுப்ப என்னிடம் அந்த ஒரு படம்தான் இருந்தது. என் பெயரைப் போட்டேன். இருபத்தொன்று என்று போட்டேன். ஒருநாள்தானே, நாளைக்குச் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் பெயரில் எதுவும் அனுப்பவில்லை. அனுப்ப என்னிடம் வேறு எதுவும் இல்லை.

மறுநாள் வகுப்பு தொடங்கியதும் டீச்சர், ‘பிள்ளையளே, எல்லாரும் தட்டையும் மூடியையும் அளந்துக்கிட்டு வந்திருக்கிய. ஒருத்தி என்ன செஞ்சிருக்கா பாருங்க’ என்றார். அந்தப் பக்கம் திரையில் வந்தது. ‘நான் உட்காரும் வட்டம்’ என்று டீச்சர் உரக்கப் படித்தார். குறைவது ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு என்று முடித்துவிட்டுச் சிரித்தார். பிறகு என் பெயரைச் சொன்னார். நீங்கள் எல்லோரும் மைக்கைத் திறந்து கைதட்டினீர்கள்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்க்கக் கழுத்து திரும்பவில்லை. அவளுக்குப் படம் தெரியாது, ஆனால் குரல் முழுக்கக் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து நான் ஓரக்கண்ணால் பார்த்தபோது வட்டத்துக்குள் உட்கார்ந்து, நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

டீச்சர் அந்தப் பக்கத்துக்குப் பூ பார்டர் வைத்து, ‘சிறந்த வீட்டுப்பாடம்’ என்று எழுதி, என் பெயரைப் போட்டுக் குழுவில் அனுப்பினார். லீடர் இப்போது போட்டிருப்பது அதைத்தான். அம்மா வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

‘நீ எப்பம்ட்டி அந்த வட்டத்துல போய் உக்காந்த?’

‘சும்மா, ஒரு கற்பனைக்கு எழுதினேன்.’

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு படத்தை அப்பாவுக்கு அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் அப்பா கூப்பிட்டார். மாதக்கணக்காக இறங்கிப்போயிருந்த முகம் அன்று விரிந்திருந்தது. அறையில் இருந்த ஏழு பேரிடமும் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ‘மக்ளே, இங்க ஒரு இன்ஜினியர் இருக்காரு, அவரே அசந்துட்டாரு கேட்டியா. எனக்கு இங்க கெடந்து மனசு செத்துப் போச்சு மக்ளே. இன்னைக்குத்தான் நல்லா இருக்கு’ என்றார். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவே இல்லை.

மறுநாள் காலையில் நான் ஜன்னலைத் திறந்தபோது வராந்தாவில் சுண்ணாம்பு ஈரமாக இருந்தது. பழைய வட்டத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளி இன்னொரு வட்டம் போட்டிருந்தது. அம்மா கைகளைக் கழுவிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். வகுப்பு நேரத்துக்கு அவள் வந்தாள், பார்த்தாள், உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டையும் ஒடுக்கி, பழைய கோட்டுக்குள்ளேயே உட்கார்ந்தாள்.

நாளைக்குச் சரி செய்கிறேன் என்று நினைத்தேன் என்றேன் அல்லவா. சரி செய்ய முடியவில்லை, ஏனென்றால் தினமும் நாற்பது படம் பார்க்கிற டீச்சர் அதுவரை யார் கையெழுத்தையும் கவனித்திருக்கவில்லை, இப்போது என் பெயரில் ஒரு கையெழுத்து அவருக்குத் தெரியும். என் கோழிக்கிறுக்கலை அனுப்பினால் கேள்வி வரும். அவள் பக்கத்தை அவள் பெயரில் அனுப்பினாலும் கேள்வி வரும். ஆகவே அவள் பக்கங்களை என் பெயரிலேயே அனுப்பத் தொடங்கினேன். தினமும் நாலு மணிக்கு அவள் வந்து நோட்டைக் கம்பியில் அழுத்துவாள், நான் எடுப்பேன். ‘அனுப்பிட்டியா?’ என்று கேட்பாள். ‘அனுப்பிட்டேன்’ என்பேன். யார் பெயரில் என்று அவள் கேட்கவில்லை. தினமும் டீச்சர் என்னைப் பாராட்டுவது அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

பட்டன் போனில் டீச்சரைக் கூப்பிட்டு அவள் சொல்லியிருக்கலாமே என்று உங்களில் யாராவது கேட்கலாம். நானும் அப்படி நினைத்து என்னைத் தேற்றிக்கொண்டதுண்டு. ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். சொன்னால் மறுநாள் எங்கள் வராந்தாவில் அவளுக்கு இடமிருக்காது.

மூன்றாவது வாரம் டீச்சர் ஒரு செய்தி சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து, போன் இல்லாத பிள்ளைகளுக்குப் போன் கொடுக்கப் போகிறார்கள். நம் வகுப்புக்கு இரண்டு. ‘வீட்டுல போன் இல்லன்னாலும், அடுத்தவங்க போன்ல இருந்து ஒழுங்கா வீட்டுப்பாடம் அனுப்புற பிள்ளைகளுக்குத்தான். ஒரு மாசக் கணக்கு பார்ப்பேன், வர்ற வெள்ளிக்கெழம பேரு வாசிப்பேன்’ என்றார்.

அன்று நாலு மணிக்கு அவள் நோட்டைத் திறக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

‘ஏட்டி, ஒண்ணு சொல்லட்டா. நான் எழுதுனத நீயே வச்சுக்க. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஒனக்குள்ள பக்கத்த எம் பேருல அனுப்பிப் போடு. தப்பா இருந்தாலும் செரி. அனுப்பவே இல்லன்னு இருக்கப்பிடாதுல்லா.’

‘செரி’ என்றேன்.

‘மறந்திராத, என்ன.’

‘செரின்னு சொன்னேம்லா.’

வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. என் பக்கத்தை அவள் பெயரில் அனுப்ப வேண்டுமென்றால் முதலில் நான் ஒரு பக்கம் எழுத வேண்டும். மூன்று வாரமாக நான் பேனாவையே எடுக்கவில்லை. அன்று உட்கார்ந்தேன், ஒரு கணக்குக்கூட வரவில்லை. தப்பாக இருந்தாலும் போதும் என்று அவளே சொல்லியிருந்தாள், கிறுக்கியாவது அனுப்பியிருக்கலாம். நான் அனுப்பவில்லை. சோம்பல் மட்டும் காரணமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் போன் கிடைத்தால் அவள் ஜன்னலுக்கு வர மாட்டாள். அவள் வராவிட்டால் என் பெயரில் அனுப்ப என்னிடம் என்ன இருக்கும்? அப்பாவிடம் எதைக் காட்டுவேன்? பன்னிரண்டு வயதில் இதை இவ்வளவு தெளிவாக நான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்தாள். தலையில் எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டியிருந்தாள். அவள் முகத்தை யாரும் திரையில் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் கட்டியிருந்தாள். வேலைக்குப் போகும் வழியில் அவளுடைய அம்மாவும் வாய்க்கால் பாலத்தில் நின்றாள்.

டீச்சர் இரண்டு பெயர் வாசித்தார். இரண்டும் அவள் பெயர் இல்லை. பிறகு அவர் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது, மறந்திருப்பீர்கள். ‘இருபத்திரண்டாம் நம்பருக்குக் குடுக்கணும்னுதான் எனக்கு ஆச. மூணு மாசம் நல்லா அனுப்பினா. இப்பம் மூணு வாரமா ஒண்ணுகூட வரல. பக்கத்து வீட்டுல போன் இருந்தும் அனுப்பல. ஆர்வம் இல்லாத பிள்ளைக்குக் குடுத்து என்ன செய்ய?’

திரையின் அடியில் மைக் படம் சிவப்பாக, குறுக்கே கோடு போட்டு இருந்தது. விரலால் ஒரு தட்டு தட்டினால் திறந்திருக்கும். டீச்சர், அதெல்லாம் அவள் எழுதினது என்று ஒரு வரி சொன்னால் போதும். என் விரல் அதன் மேல்வரை போனது. வெளியே அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். என்னைத்தான் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். இப்போதாவது நான் சொல்லுவேன் என்று நம்பிப் பார்த்தாள். டீச்சர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார், நான் விரலை எடுத்துவிட்டேன்.

அடுக்களையில் இருந்த அம்மாவுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. ஈரக்கையோடு வெளியே வந்தாள். அவள் கையில் ஒரு கிண்ணத்தில் இரண்டு ரசவடை இருந்தது.

‘விடு பிள்ளே. எங்க போன் இருக்குல்லா. நீ எப்பயும் போல வந்து இரு. யாரு என்ன சொல்லப் போறா?’

அவள் கிண்ணத்தை வாங்கவில்லை. ‘அம்ம நிக்கா மாமி’ என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பாலத்தில் அவளுடைய அம்மா எதையோ கேட்டதும், இவள் தலையாட்டியதும் தெரிந்தது. பிறகு அந்த அம்மா இவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். படிக்காமல் விளையாடிவிட்டாள் என்று நினைத்திருப்பாள். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. கும்பப்பூ பருவத்து நெல் நடவு தொடங்கியிருந்தது, அம்மாவோடு வயலுக்குப் போகத் தொடங்கினாள். எங்கள் முற்றத்துக் கோடியில் நின்றால் நாற்றுக்கு நடுவில் அவள் குனிந்து நிற்பது தெரியும். நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். என் வீட்டுப்பாடமும் நின்றது. போன் கெட்டுவிட்டது என்று டீச்சரிடம் சொன்னேன், நம்பினார். அந்த வருடம் எல்லோரும் பாஸ். பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆர்வமில்லாத பிள்ளை என்ற பெயர் அவளுக்கு முன்பே வகுப்புக்குள் வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றாள், பிறகு அம்மாவோடு ஊரைவிட்டுப் போனாள். நாம் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு போனால் எல்லாம் மாறியிருக்காது என்று சொல்லி என்னைத் தேற்ற வேண்டாம். மாறியிருக்குமா என்று தெரியாமல் போனதே என்னால்தான்.

போன மாதம் கல்லூரிக்குத் துணி எடுக்க அம்மாவும் நானும் நாகர்கோவிலுக்குப் போனோம். ஜவுளிக்கடையில் சுடிதார் துணிப் பிரிவில் அவள் நின்றாள். கடைச் சேலை கட்டி, கழுத்தில் அளவு டேப் தொங்கியது. எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. அவள் எங்களைப் பார்த்ததும் சிரித்தாள்.

‘மாமி, நல்லா இருக்கியளா? பிள்ளைக்குக் காலேஜா?’

‘ஆமா மக்கா’ என்றாள் அம்மா. ஒன்று போதும் என்று வந்தவள், அவள் எடுத்துப் போட்டதையெல்லாம் வேண்டும் வேண்டும் என்று சொன்னாள். ஐந்து துணி சேர்ந்துவிட்டது. பிறகு வாய் சும்மா இருக்காமல், ‘நீயும் படிச்சிருக்கலாம் பிள்ளே’ என்றாள்.

அவள் துணியை மேசையில் விரித்து அளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

‘எனக்குப் படிப்பு ஏறல மாமி’ என்றாள். ‘ரெண்டரை மீட்டர் போதும்லா இவளுக்கு?’

பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். வடசேரி தாண்டியதும், ‘நல்ல பிள்ள’ என்றாள் அம்மா. நான் கேட்டேன், ‘அம்மா, ஒனக்கு அன்னைக்கே தெரியும்லா? அதனாலதானே வட்டத்தப் பெருசாக்கின?’ அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்றாள். துணிப்பைகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் குழுவில் நாற்பத்தொரு பேர் இருக்கிறோம். அவள் இல்லை. அன்று அவளுக்குப் பட்டன் போன் மட்டுமே இருந்ததால் அவள் எண் குழுவில் சேரவே இல்லை, பிறகும் நாம் யாரும் சேர்க்கவில்லை. இதை உங்களிடம் சொல்வதற்கு முன் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். கடையில் இருபது நிமிடம் எதிரே நின்றும் சொல்லவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் அந்த ஜவுளிக்கடைக்குப் போகிறேன். நீங்கள் இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான். லீடர் போட்ட படத்தை இன்னொரு முறை திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். பூ பார்டருக்கு உள்ளே, பக்கத்தின் குறுக்கே இரண்டு நிழல்பட்டை தெரியும், அது எங்கள் ஜன்னல் கம்பி. இடது ஓரத்தில், கம்பிக்கு அந்தப் பக்கம், நோட்டை அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு கட்டைவிரல் தெரியும். அது என்னுடையது இல்லை. என் கையில் போன் இருந்தது.